கேனபி கவர்: தமிழில் என்ன? (திங்கட்கிழமைக்குள் வேண்டும்)

வியாசர்பாடியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தெருத்தெருவாக மரத்தடியிலும் வெட்டவெளியிலும் வெப்பநிலையை அளக்கப் போகிறார்கள். கூடவே, மரம் வானத்தில் எவ்வளவு பங்கை மறைக்கிறது என்றும் (ஆங்கிலத்தில் 'கேனபி கவர்') குறிக்க வேண்டும். செயற்கைக்கோள் படம் எங்களுக்குப் போதாது. சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளியே தரையில் 10 மீட்டர். எங்கள் சந்தில் நிற்கும் ஒற்றைப் பூவரசு அதில் சுவரோடு கலந்துவிடும். அதனால் பைக் கண்ணாடியில் மார்க்கரால் 20 கட்டம் போட்டு, மல்லாத்திப் பிடித்து எண்ணினோம். பூவரசின் கீழ் 13 கட்டங்களில் இலை; அதாவது 65 விழுக்காடு. அந்த 65-க்குப் பெயர் சொல்லுங்கள். செயல்தாள் திங்களன்று அச்சுக்குப் போகிறது.

பெரம்பூரிலிருந்து:
அம்மா, சொல் கையிலேயே இருக்கிறது: கவிகை. இருள் கவிந்தது, மேகம் கவிந்தது என்கிறோமே, அதே கவிதல்தான். குறள் 389-இல் 'கவிகைக்கீழ்த் தங்கும் உலகு' என்று குடைக்கு வருகிறது. மரமும் குடைதான். மரக்கவிகை என்று போடுங்கள். விதானம் வேண்டாம், அது வடசொல்.

ராயபுரத்திலிருந்து:
ஐயா, பிள்ளைகள் அதைக் 'கவிதை' என்று படிப்பார்கள். வடசொல்லானாலும் விதானத்தைக் கோயிலில் பார்த்திருப்பார்கள். அதுவும் வேண்டாமென்றால் நிழற்பரப்பு. தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பெரம்பூரிலிருந்து:
நிழல் நகரும், கவிகை நகராது. காலை எட்டு மணிக்குப் பூவரசின் நிழல் எதிர்வீட்டுத் திண்ணையில் கிடக்கும், கண்ணாடியில் அதே 13 கட்டம்தான் வரும். சென்னையில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நிழலில்லா நாளின் உச்சிப்பொழுதில் மட்டும்தான் இரண்டும் ஒன்றாகும். இன்னொன்று: மரம் நிழலால் மட்டும் குளிர்விப்பதில்லை. இலை நீராவியாக விடும் தண்ணீரும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகிறது. நிழற்பரப்பு என்றால் தகர ஷெட்டும் மரமும் ஒரே கணக்காகிவிடும்.

மரப்பெயரை ஊர்ப்பெயராக வைத்த பகுதி இது. புளியந்தோப்பு இருக்கிறது, புரசைவாக்கத்தில் புரசு. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்தது மகிழமரத்தடியில். இங்கே ஒரு நல்ல சொல்லுக்கா பஞ்சம்?

கொருக்குப்பேட்டையிலிருந்து:
மகிழமரம் இருக்கட்டும் ஐயா, டீச்சருக்குத் திங்கட்கிழமை அச்சு. தழைக்கூரை எப்படி? கூரை எல்லாருக்கும் தெரியும், ஓட்டைக் கூரையும் தெரியும். தழை என்றதும் தகர ஷெட் விலகிவிடுகிறது. மூடாக்கு என்று எழுத நினைத்தேன்; ஆனால் வயலில் ஈரம் காக்கப் பரப்பும் சருகுக்கு அந்தப் பெயர் போய்விட்டது.

ராயபுரத்திலிருந்து:
தழைக்கூரைக்குச் சம்மதம். விழுக்காட்டைத் 'தழைக்கூரை வீதம்' எனலாம்.

வியாசர்பாடியிலிருந்து:
கவிகை, தழைக்கூரை இரண்டையும் இன்று வகுப்பில் எழுதிக் காட்டினேன். கண்ணாடி பிடித்த பையன், 'மிஸ், அப்போ கூரைல ஏழு ஓட்டை' என்றான். தழைக்கூரை வீதம் என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

பெரம்பூரிலிருந்து:
அம்மா, அச்சடியுங்கள். ஆனால் ஓலை வேய்வதற்குத்தான் கூரை. உயிருள்ள மரத்தை யாரும் வேயவில்லை. சொற்பட்டியலில் என் ஓட்டு கவிகைக்கே என்று பதிந்துகொள்ளுங்கள்.