நாலு பேருக்கு எத்தனை லிட்டர் ஏர் ஃப்ரையர்?

கேள்வி: வீட்டில் பெரியவர்கள் இரண்டு, பிள்ளைகள் இரண்டு. 4 லிட்டர் போதுமா, 6 லிட்டரா?

பதில் 1: 6 எடுங்க. ஆனா லிட்டரை மட்டும் நம்பாதீங்க, கூடையின் அடிப்பரப்பைப் பாருங்க. ஆழமான, குறுகலான கூடையில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். சூடான காற்று இடையில் புகாது. மேலே கருகும், அடியில் நமுத்துப்போகும். ஒரே அடுக்காகப் பரப்பி, பாதி நேரத்தில் குலுக்கிவிடணும். 4 லிட்டரில் இரண்டு தடவை போட வேண்டிவரும்.

பதில் 2: இரட்டைக் கூடை 8 லிட்டர்னா ஒவ்வொன்றும் 4 தான். முழுக்கோழி அடங்குவது கஷ்டம்.

பதில் 3: சமையல் மேடையையும் அளந்துக்கோங்க. பின்பக்கம் சூடு வெளியேற 10 செ.மீ.யாவது விடணும். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம், பெரிய மாடல்கள் பலதும் 1500 வாட்டுக்குமேல் இழுக்கும்.