மலரில் எஸ்.என்.லட்சுமி அம்மாவுக்கு ஒரு பக்கம் வேண்டும்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். மும்பையில் இருக்கும் நம் விருதுநகர்ப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து கொண்டுவரும் பொங்கல் மலரில் 'நம் மண்ணின் பெரியவர்கள்' என்று ஒரு பகுதி வரப்போவதாகச் செயலாளர் அண்ணன் எழுதியிருந்தார். காமராஜர், சங்கரலிங்கனார் இருவரும் பட்டியலில் இருக்கிறார்கள். இருக்க வேண்டியவர்கள்தான். அவர்களோடு இன்னொருவரையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். விருதுநகருக்குப் பக்கத்துச் சென்னல்குடியில் பிறந்த நடிகை எஸ்.என்.லட்சுமி.

பெயரைச் சொன்னால் நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. முகத்தைக் காட்டினால், "அட, இந்தப் பாட்டியா!" என்பார்கள். எத்தனையோ படங்களில் அம்மாவாக, பாட்டியாக, மாமியாராக வந்துபோன முகம் அது. 1500 படங்களுக்கு மேல், 6000 நாடக மேடைகள் என்று அவர் மறைந்தபோது பத்திரிகைகளில் எழுதினார்கள். ஆனால் அவரைப் பற்றி நாலு பக்கம் சேர்த்துப் படிக்கலாம் என்று தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. கதாநாயகிகளைப் பற்றி எழுதக் கை நீளுகிறது. படத்தைத் தோளில் சுமந்த இந்த மாதிரி ஆட்களைப் பற்றி எழுத யாருக்கும் நேரமில்லை. நாமாவது எழுத வேண்டாமா?

1927-ல் பிறந்தவர். பெயருக்கு முன்னால் உள்ள எஸ் சென்னல்குடி, என் அப்பா நாராயணத் தேவர். கடைசி வரைக்கும் ஊரை இனிஷியலில் வைத்திருந்தவர். சிறு வயதிலேயே நாடகத்துக்குப் போய்விட்டார். பெண் பிள்ளை மேடை ஏறுவதை நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பிறகு கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் நாடகக் குழுவில் இருந்தார். சென்னைக்கு வந்த புதிதில் கூட்டத்தில் ஒருத்தியாக ஆடுகிற வேலையும் பார்த்திருக்கிறார். ஜெமினி வாசன் எடுத்த 'சந்திரலேகா'வில் (1948) பெரிய பெரிய முரசுகள் மேல் ஏறி ஆடுவார்களே, அந்தக் கூட்டத்தில் அவரும் உண்டு.

நாடகக் கம்பெனியில் வளர்ந்தது அவருடைய நடிப்பில் கடைசி வரை தெரிந்தது என்பது என் எண்ணம். அந்தக் கம்பெனிகளில் வாத்தியார் சொல்லச் சொல்லப் பாடத்தை வாயால் மனப்பாடம் செய்ய வேண்டும். இன்றைக்கு ராணி, நாளைக்கு வேலைக்காரி, மறுநாள் கிழவி. மைக் சரியாக இல்லாத கொட்டகையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கும் வசனம் புரிய வேண்டும். அதனால்தான் எஸ்.என்.லட்சுமி படத்தில் முணுமுணுத்தால்கூட ஒரு எழுத்து சிதறாது. இப்போது வரும் படங்களில் கதாநாயகன் பேசுவதைக் கேட்கவே சப்டைட்டில் போட வேண்டியிருக்கிறது.

1964-ல் வந்த 'சர்வர் சுந்தர'த்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கே.பாலசந்தர் எழுத்து, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், நாகேஷ் கதாநாயகன். ஓட்டலில் வேலை செய்கிற பையன் சினிமா நட்சத்திரமாகிறான். அவன் அம்மாவாக லட்சுமி. நாகேஷ் 1933-ல் பிறந்தவர். அதாவது தன்னைவிட ஆறே வயது இளையவருக்கு அம்மா! படத்தைப் பார்க்கும்போது ஒரு நொடிகூட அந்த நினைப்பு வராது. மகனுக்குப் பணம் வருகிறது, புகழ் வருகிறது, அம்மா உயிருக்குப் போராடும்போது பக்கத்தில் இருக்க மட்டும் அவனுக்கு முடியாமல் போகிறது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு அந்த இடம் எப்படிக் குத்தும் என்று உங்களுக்கே தெரியும். நம்மில் எத்தனை பேர் தாதர் ஸ்டேஷனில் ரயில் ஏறி, போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துபோனவர்கள்.

அதற்கப்புறம் பல வருஷங்கள் சின்னச் சின்ன வேடங்கள்தான். அதைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. கமல்ஹாசன் படங்களில்தான் அவருக்கு மறுபடியும் கை நிறைய வேலை கிடைத்தது.

'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தைத் தாராவி 90 அடி சாலைக் கடையில் கேசட் வாடகைக்கு எடுத்து வந்து வீட்டில் போட்டோம். பக்கத்து வீட்டுப் பாலக்காட்டு மாமியும் வந்து உட்கார்ந்திருந்தார். அதில் பாலக்காட்டுத் தமிழ் பேசுகிற, ஊர்வசியின் பாட்டியாக வருவார் லட்சுமி. கல்யாண வீட்டில் கண் ஒரு பக்கம் பார்க்கும், கை இன்னொரு பக்கம் போகும். எடுத்தது முந்தானைக்குள் போனபிறகு முகத்தைப் பாருங்கள், பூஜைக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும். அந்தத் திருட்டில் பேராசை இல்லை, வயசான காலத்தில் பிடித்துக்கொண்ட ஒரு பழக்கம், அவ்வளவுதான். பேத்தி அவமானத்தில் கூசிப்போவாள். பாட்டிக்குத் தான் செய்ததே புரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது சிரிப்பும் வரும், மனசும் கஷ்டப்படும். படம் முடிந்ததும் அந்த மாமி என்னிடம் கேட்டார்: "இந்தப் பாட்டிக்கு எந்த கிராமம்? கல்பாத்தியா, நூரணியா?" பாலக்காட்டுக்காரர்கள் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் பேச்சை அவர்களே நம்பும்படி ஒருவர் பேசினால் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. "இல்லை மாமி, எங்க விருதுநகர்ப் பக்கம்" என்று சொன்னபோது எனக்கு இருந்த பெருமையை இன்றைக்கும் மறக்கவில்லை. மாமி நம்பவே இல்லை.

நான்கு வருஷம் கழித்து 'மகாநதி'. இங்கே கமலுக்கு மாமியார். தஞ்சாவூர்ப் பக்கத்து நல்ல வீட்டிலிருந்து பட்டணத்துக்கு வந்து, மருமகன் ஜெயிலில் இருக்க, பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிற கிழவி. இவர் நோயில் விழுந்த பிறகுதான் அந்தக் குடும்பம் முழுசாகச் சிதறும். முந்தின படத்தில் பார்த்த பாட்டியின் சாயல் ஒரு இம்மிகூட இதில் இருக்காது. குரல் தளர்ந்திருக்கும், நடை மாறியிருக்கும், உட்காரும்போது கையை ஊன்றுவதுகூட வேறு மாதிரி. பாட்டி வேடம் என்றால் தலையில் வெள்ளை பூசிக்கொண்டு இருமினால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும்.

'விருமாண்டி' (2004) வந்தபோது அவருக்கு வயசு 77 இருக்கும். விருமாண்டியின் பாட்டி. இந்த முறை அவர் வேறு யார் பேச்சையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை, நம் தென்பக்கத்துப் பேச்சுதான். பேரனை அதட்டுகிற அதட்டலில் அத்தனை பாசம். என் அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "எங்க பெரியாத்தா எந்திரிச்சு வந்தது கணக்கா இருக்கு" என்றார். வேறு எந்த விமர்சனமும் எனக்குத் தேவைப்படவில்லை.

கடைசியாகச் சின்னத்திரை. விஜய் டிவியில் 2011 கடைசியில் ஆரம்பித்த 'சரவணன் மீனாட்சி'யில் பாட்டியாக வந்தார். எண்பதைத் தாண்டியபிறகும் தினமும் விளக்கு வெளிச்சத்தில் நின்று வசனம் பேசுவது என்றால் சும்மாவா? இங்கே என் அம்மாவுக்கு முழங்கால் வலி. நடந்து போக முடியாது, கீழ்வீட்டு மராத்திப் பாட்டியோடு பேசப் பாஷை வராது. பகலெல்லாம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பார். ராத்திரி அந்தத் தொடர் வந்தால் மட்டும் டிவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போடச் சொல்வார். மற்ற கதையெல்லாம் அவருக்கு முக்கியம் இல்லை. அந்தப் பாட்டி வாயைத் திறந்தால் இவரும் பதில் சொல்வார். 2012 பிப்ரவரி 20 அன்று லட்சுமி அம்மா சென்னையில் காலமானார். செய்தியை அம்மாவிடம் நான் சொன்னபோது சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊர்ல தகவல் சொல்லிட்டாகளா?" என்று கேட்டார். சொந்தத்தில் ஒருத்தர் போனால் கேட்கிற கேள்வி அது.

அதனால் என் வேண்டுகோள் இது. மலரில் அவருக்கு ஒரு முழுப் பக்கம் வேண்டும், புகைப்படத்தோடு. காமராஜர் நாட்டுக்கு உழைத்தார், சங்கரலிங்கனார் 'தமிழ்நாடு' என்ற பெயருக்காக உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டார், அவர்களோடு ஒரு நடிகையை எப்படி வைப்பது என்று சிலர் கேட்கலாம். தராசில் வைத்து எடை போடச் சொல்லவில்லை. நம் கரிசல் காட்டிலிருந்து தனியாகப் புறப்பட்டுப் போன ஒரு பெண், எழுபது வருஷம் உழைப்பை விடாமல் நின்றார். நம் பெண் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல ஆள் எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் கூடுகையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கமாக ரெக்கார்ட் டான்ஸ் வைக்கிறோம். இந்த வருஷம் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு 'சர்வர் சுந்தரம்' முழுப்படமும் போடலாம். புரொஜெக்டர் நெருல் தம்பியிடம் இருக்கிறது, தருவதாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்குக் கறுப்பு வெள்ளை படம் சலிக்கும் என்று டோம்பிவிலி மாமா சொல்கிறார். முதல் அரை மணி நேரம் உட்கார வையுங்கள், அப்புறம் நாகேஷ் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று. சென்னல்குடியில் பெண் கொடுத்து பெண் எடுத்தவர்கள் நம் குழுவிலேயே மூன்று நாலு வீடு இருக்கிறது. ஊருக்குப் போகும்போது அங்கே வயசானவர்களிடம் கேட்டு, அவரைப் பற்றி நினைவில் இருப்பதை அப்படியே எழுதியோ குரலில் பதிந்தோ அனுப்புங்கள். அந்தத் தலைமுறை இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். மலர் மார்கழிக் கடைசியில் அச்சுக்குப் போகிறது, அதற்குப் பத்து நாள் முன்னால் வந்தால் நான் தட்டச்சு செய்து கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
செம்பூரிலிருந்து உங்கள் சகோதரி