வீட்டை இப்போதே எழுதி வாங்குவதா, உயில் போதுமா? (புரசைவாக்கம் பாத்திரக் கடை)

பாத்திரக்கடைக்காரன்:
அப்பாவுக்கு 76 வயது. புரசைவாக்கத்தில் ஒரு சந்துக்குள் எங்கள் பாத்திரக் கடை, வாடகை இடம். வீடு அயனாவரத்தில், 1988-இல் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. அக்கா திருமணமாகித் தாம்பரத்தில் இருக்கிறாள். தம்பிக்கு ஓசூரில் வேலை. பத்தொன்பது ஆண்டுகளாகக் கடையில் நிற்பவன் நான்தான். சம்பளம் என்று ஒரு நாளும் வாங்கியதில்லை. வேண்டியதைக் கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வேன். போன மாதம் அப்பா தானாகவே, "வீட்டை உனக்கு எழுதிவிடுகிறேன், கடையும் உனக்குத்தான்" என்றார். உயிலா, செட்டில்மெண்டா (உயிரோடிருக்கும்போதே பத்திரம் பதிந்து எழுதிக்கொடுப்பது) என்பதுதான் பேச்சு. செட்டில்மெண்டே நல்லது என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

பழைய பத்திரக்காரர்:
செட்டில்மெண்ட்தான், சந்தேகமே வேண்டாம். முப்பது ஆண்டுகள் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து எழுதியவன் சொல்கிறேன். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 25,000, 4,000 ரூபாய் என்று இருந்ததை 2023 ஜூலையில் 40,000, 10,000 என்று உயர்த்தினார்கள். வீடு ஒரு கோடி பெறும் என்றாலும் ஐம்பதாயிரத்தில் முடியும். வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர் ஏறிவிடும். உயிலுக்கு முத்திரைத்தீர்வை கிடையாது, பதிவும் கட்டாயமில்லை. ஆனால் கடைசியாக எழுதிய உயில்தான் செல்லும். இன்று உங்களுக்கு எழுதுவார். நாளை மகள் வந்து அழுதால் வேறொன்று எழுதுவார்.

இன்னொரு வீட்டு மகள்:
"மகள் வந்து அழுதால்." ஐயா, முப்பது ஆண்டுகளில் எத்தனை மகள்கள் உங்கள் மேசைக்கு முன்னால் அழாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள் என்று கணக்கு வைத்திருக்கிறீர்களா?

2009-இல் நான் ஒரு விடுதலைப் பத்திரத்தில், அதாவது என் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்துப் போட்டேன். யாரும் வாசித்துக் காட்டவில்லை. கட்டைவிரலில் மை காய்வதற்குள் அண்ணி ஓட்டலுக்குக் கூட்டிப்போய் நெய் ரோஸ்ட் வாங்கித் தந்தாள். என் பங்குக்குக் கிடைத்த விலை அதுதான்.

சட்டம் தெரியாமல் பேசவில்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்த வீட்டை அவர் யாருக்கும் கொடுக்கலாம், பிள்ளைகள் தடுக்க முடியாது. எதுவும் எழுதாமல் போனால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு. அப்பாவின் அம்மா உயிரோடிருந்தால் அவருக்கும் ஒன்று. அது கிடக்கட்டும். உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். அக்கா இருக்கிறாள், தம்பி இருக்கிறான். அம்மா எங்கே?

பாத்திரக்கடைக்காரன்:
இருக்கிறார். 70 வயது. எழுத விட்டுப்போயிற்று.

கொளத்தூர் மருமகன்:
விட்டுப்போவது பதிவில் மட்டும் இருந்தால் சரி. என் மாமியார் மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதிய இரண்டாவது ஆண்டே, இரண்டு புடவைப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் 23-ஆவது பிரிவு இருக்கிறது: பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளவில்லை என்றால் பத்திரத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். எங்கள் பத்திரத்தில் "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று மட்டும்தான் இருந்தது. நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்கு ஆதரவாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் மனு எத்தனை வாய்தா பார்த்தது என்பதைச் சொன்னால் பதிவு நீளும். செட்டில்மெண்ட்தான் என்றால் அப்பா, அம்மா இருவருக்கும் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமை, பராமரிப்பு நிபந்தனை, இரண்டையும் எழுத்தில் வையுங்கள்.

பாத்திரக்கடைக்காரன்:
என்னைப் பெற்றோரைத் தெருவில் விடுபவனாகவே முடிவு செய்துவிட்டீர்கள்.

கொளத்தூர் மருமகன்:
என் மைத்துனனும் நல்லவன்தான். அப்பா, அம்மாவுக்கு முன்னால் நீங்கள் போய், வீடு உங்கள் மனைவி கைக்குப் போனால்? பத்திரம் அதற்காகவும்தான்.

மயிலாப்பூர் மாடவீதி:
உயில் பக்கம் பேச ஆளில்லை போலிருக்கிறது, நான் பேசுகிறேன். அப்பாவின் கடைசிக் காலம் வரை வீடு அவர் பெயரிலேயே இருப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. வீட்டு வரி ரசீதில் தன் பெயரைப் பார்க்கிற கிழவர் வேறு, மகன் பெயரைப் பார்க்கிற கிழவர் வேறு. ஆனால் உயிலின் தொல்லையையும் மறைக்க மாட்டேன். என் தந்தை 2011-இல் இறந்தார். அப்போது சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கு உயர் நீதிமன்றத்தில் புரோபேட் (உயில் உண்மையானது என்ற நீதிமன்றச் சான்று) வாங்காமல் எதையும் நிலைநாட்ட முடியாது. தங்கை எதிர்த்தாள், மனு உரிமையியல் வழக்காக மாறியது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் அப்பாவின் வயதுக்காரர்கள், வழக்கு வருவதற்குள் இருவரும் போய்விட்டார்கள். சாட்சிக்கு உங்களைவிட இளையவர்களைப் பிடியுங்கள், பங்கு வாங்குபவர்களைப் பிடிக்காதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் நான் உயில் கட்சிதான்.

பழைய பத்திரக்காரர்:
அந்தப் புரோபேட் கட்டாயத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் எடுத்துவிட்டது.

மயிலாப்பூர் மாடவீதி:
கட்டாயம் போயிற்று. கையெழுத்து அப்பாவுடையதா என்று கேட்கும் தங்கை போகவில்லை.

கணக்குப்பிள்ளை:
எல்லோரும் செங்கல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். "கடையும் உனக்குத்தான்" என்ற பாதியை ஒருவர்கூடத் தொடவில்லை. சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான், இந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

தனி உரிமையாளர் கடை என்றால் சட்டத்தின் கண்ணில் கடை என்று தனியாக ஒன்று இல்லை. அப்பாதான் கடை. பான் என்ற வருமான வரி எண் அவருடையது, ஜி.எஸ்.டி. எண் அந்தப் பானை ஒட்டியது, நடப்புக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அவர் பெயரில். அவர் கண் மூடிய செய்தி போனதும் வங்கி கணக்கை நிறுத்தும். சரக்குக்குப் பின்தேதியிட்டுக் கொடுத்த காசோலை திரும்பும். ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்து நீங்கள் புதிதாக எடுக்க வேண்டும். மீதி உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியில் இன்னும் கழித்துக்கொள்ளாததை) ஐ.டி.சி.-02 படிவத்தில் மாற்ற வேண்டும். பழைய வரிப் பாக்கி இருந்தால் அதுவும் கடையோடு உங்கள் தலைக்கு வரும். நான்தானே நாமினி என்பீர்கள். நாமினி பணத்தைக் கையில் வாங்குகிறவர், சொந்தக்காரர் அல்ல. நிறுவனப் பங்குகளில் 2023-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

அப்பா இருக்கும்போதே கூட்டாண்மை ஆக்குங்கள். அதிலும் ஒரு பொறி: அப்பாவும் நீங்களும் மட்டும் என்றால், ஒருவர் போனதும் மிஞ்சுவது ஒருவர், ஒருவர் கூட்டாண்மை ஆக முடியாது. மூன்றாவதாக அம்மாவையோ அக்காவையோ சேருங்கள். ஒருவர் இறந்தாலும் நிறுவனம் தொடரும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இல்லையென்றால் 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு கடையைக் கலைத்துவிடும். இறந்தவர் பங்கை எப்படி மதிப்பிட்டு எப்போது கொடுப்பது என்பதும் அதில் வர வேண்டும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். சம்பளம் வாங்காத பத்தொன்பது ஆண்டு உங்கள் மனதில் இருக்கிறது, கணக்கில் இல்லை. ஏட்டைப் புரட்டினால் நீங்கள் அந்தக் கடையில் வேலை செய்ததாகவே தெரியாது. இந்த மாதத்திலிருந்தாவது சம்பளம் எழுதுங்கள்.

இன்னொரு வீட்டு மகள்:
இதை நான் ஒப்புக்கொள்கிறேன். உழைத்தவனுக்குக் கூலி கொடுங்கள், கூடுதலாகவே கொடுங்கள். கூலிக்குப் பதிலாக அக்காவிடம் சொல்லாமல் வீட்டை எடுப்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அக்காவிடம் சொல்லிவிட்டீர்களா?

பாத்திரக்கடைக்காரன்:
இல்லை. சட்டப்படி சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

கணக்குப்பிள்ளை சார் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று அப்பாவின் நீல அட்டை நோட்டை எடுத்தேன். பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் வாங்க முன்பணம் கொடுத்தவர்கள் கணக்கு முழுவதும் அதில்தான். "வெ.தெ. சின்னவள் அ.2 – 7500" என்றால் வெள்ளாளர் தெரு வீட்டுச் சின்னப் பெண் திருமணத்துக்கு இரண்டு அண்டா, 7,500 ரூபாய் வரவு. இது எனக்குத் தெரியும். "க.மா. கு.வி. – 12000" என்று ஒரு வரி. யார் என்று கேட்டேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நினைவு வரவில்லை. நோட்டை மூடிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

கணக்குப்பிள்ளை:
அந்தப் பன்னிரண்டாயிரம் கடன். அப்பாவுக்குப் பிறகு வாசலில் வந்து கேட்பார்கள், ரசீது இருக்காது. வீட்டுப் பத்திரத்துக்கு முன்னால் அந்த நோட்டை முடியுங்கள்.

பாத்திரக்கடைக்காரன்:
இரவு அக்காவுக்குப் போன் செய்து வீட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டைப் பற்றிச் சொன்னேன். "க.மா. என்றால் கங்காதீசுவரர் கோயில் தெரு மாமி, குத்துவிளக்கு" என்றாள். திருமணத்துக்கு முன் ஆறு ஆண்டுகள் அந்தக் கணக்கை எழுதியவள் அவள். அப்பாவுக்கு அந்தச் சுருக்கத்தைப் பழக்கியவளும் அவளே. எனக்கு அப்போது பதினைந்து வயது, பள்ளி விட்டு வந்தால் கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.

இன்னொரு வீட்டு மகள்:
அவளுக்கும் சம்பளம் எழுதவில்லை, இல்லையா?

பழைய பத்திரக்காரர்:
வரும்போது ஆதார் அட்டையை எடுத்துவரச் சொல்லுங்கள். எந்தப் பத்திரமானாலும் வேண்டியிருக்கும்.