"இன்று இரவு கரண்ட் கட்" மெசேஜ் உங்கள் வீட்டுக்கும் வந்ததா?

பள்ளத்தூரான்:
அதே பழைய கதைதான், போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இரவு 9.30க்குத் துண்டிப்போம், இந்த நம்பரில் அதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று. நான் நுழையும்போது அப்பத்தா வளவில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆப் இறக்கி பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொல்கிறான் அவன். "பத்து ரூபாய்தானே தம்பி, காலையில் ஆபீசுக்கு ஆள் விட்டுக் கொடுத்தனுப்புகிறேன், ரசீது போட்டு வை" என்கிறார்கள் இவர்கள். உடனே அவன் "இப்பவே கட்டணும்" என்று கத்தினான் பாருங்கள், அந்தக் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. இத்தனைக்கும் அந்த நம்பருக்கு டிஎன்டி, அதாவது தொந்தரவு கால், மெசேஜ் வேண்டாம் என்ற பதிவு, போட்டிருக்கிறது. அப்புறம் எதற்கு அது?

கோட்டையூர் மாப்பிள்ளை:
டிஎன்டி விளம்பரக்காரனுக்கு, திருடனுக்கு இல்லை. எனக்குக் கண்டாங்கி சேலை பாதி விலை என்று சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து வந்தது. திறந்தால் சலுகை முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று கடிகாரம் ஓடுகிறது, பூஜ்யத்துக்கு வந்ததும் வெட்கமே இல்லாமல் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது! 1909க்குப் புகார் கொடுக்கலாம் என்றால் மூன்று நாள் தாண்டிவிட்டது.

ரிட்டயர்டு தபால்காரர்:
மாப்பிள்ளை, மூன்று நாள் என்பது பழைய கணக்கு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளை 2025 பிப்ரவரியில் திருத்தி 7 நாள் ஆக்கிவிட்டார்கள். விளம்பரம் அனுப்பப் பதிவு செய்யாத ஆள் அனுப்பியிருந்தால் நீங்கள் டிஎன்டி போட்டிருக்கவே வேண்டாம், 5 நாளில் அவன்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும், முன்பு 30 நாள். அனுப்புநர் பெயருக்குக் கடைசியில் பி இருந்தால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. விளம்பரக் கால் 140இல் தொடங்க வேண்டும். பள்ளத்தூர்த் தம்பிக்கு வந்தது ஆள்மாறாட்ட மோசடி, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி, மூன்று வருடம் வரை சிறை. அதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடிக் கால், மெசேஜைச் சொல்லும் சக்ஷு பகுதியில் போடுங்கள், பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. என் அனுபவமா? கேஒய்சி மெசேஜ் வந்தது, அழித்தேன்.

சிங்கப்பூர்த் தேவகோட்டை:
இங்கே 2007லேயே சட்டம் வந்துவிட்டது, மொத்தமாக அனுப்பும் விளம்பர மெயில் தலைப்பில் விளம்பரம் என்று காட்ட ஏடிவி என்று போட்டே ஆக வேண்டும், வேண்டாம் என்றால் 10 வேலை நாளில் நிறுத்த வேண்டும். அப்படியும் நேற்று பார்சல் வரிப் பாக்கி என்று ஒருத்தன் அனுப்புகிறான், அதில் ஏடிவியும் இல்லை ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை சொல்வதுதான் சரி, அண்ணன் பட்டியல் போட்டதெல்லாம் கடை வைத்திருக்கிறவனைத்தான் பிடிக்கும்.