விட்டம், ஆரம், கனம்: உங்க ஊர்ப் பேச்சுல வேற அர்த்தம் இருக்குதுங்களா?

வணக்கமுங்க. கோபி பக்கம் ஏழாவது படிக்கற பசங்களுக்குச் சாயங்காலம் கணக்குச் சொல்லித் தர்றேன். நேத்து 'விட்டம் எங்க இருக்குது?'ன்னு கேட்டா, ஒருத்தன் அண்ணாந்து ஓட்டுக் கூரையக் காட்டறான். அவன் சொன்னதும் சரிதானுங்களே! வட்டம்னா தாலுகா, ஆரம்னா அம்மா கழுத்துல போடறது.

மாட்டிக்கிட்டது 'கனம்'தான். பாரம்னே நினைக்கறாங்க. கன அடின்னா நீளம், அகலம், உயரம் மூணும் ஒவ்வொரு அடி இருக்கற இடம்னு மண்டைல ஏறல. பவானிசாகர் அணையச் சொன்னேன்: 105 அடி உயரத்துக்கு 32.8 டிஎம்சி, ஒரு டிஎம்சின்னா 100 கோடி கன அடி. உடனே ஒரு அம்மிணி, 'அப்ப பாதி உயரத்துக்குப் பாதித் தண்ணிங்களா?' வடச்சட்டில தண்ணி ஊத்திக் காட்டுனேன். அடி குறுகல், மேல அகலம். பாதி உயரத்துக்குப் பாதி வராது. (அந்தச் சட்டிக்கு வீட்டுல வாங்கின திட்டு தனி.)

இப்படி ரெண்டு அர்த்தம் வர்ற அளவுச் சொல்லு உங்க ஊர்ல இருந்தாச் சொல்லுங்க. கொத்தனார், ஆசாரி பேசற சொல்லுன்னா ரொம்ப நல்லது. தானியம் அளக்கற பழைய வள்ளம் யாரு வீட்டுலயாவது கிடந்தா, எத்தனை படி பிடிக்குதுன்னு அளந்து, போட்டோவோட போடுங்க. சனிக்கிழமை வகுப்புக்கு வேணுமுங்க.