க்ளென் இன்ஸ் பக்கம் ஐந்து ஏக்கர், முதல் கோடை: தீ வந்தால் தங்குவதா, கிளம்புவதா?

கேள்வி: புதுமனைக்காரன்

வணக்கம். மனைவிக்கு இங்குள்ள மருத்துவமனையில் வேலை கிடைத்ததால், சிட்னி வாடகை வீட்டை விட்டுவிட்டுக் குளிர்காலத்தில் இங்கே வந்து சேர்ந்தோம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் க்ளென் இன்ஸ் ஊருக்குக் கிழக்கே ஐந்து ஏக்கர் நிலம், அதில் ஒரு பழைய மரப்பலகை வீடு. ஆறு ஆடுகளும் கொஞ்சம் கோழிகளும் இருக்கின்றன. மழைநீர் டேங்க் இரண்டு, வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டை. நிலத்தின் ஒரு பக்கம் முழுக்க யூக்கலிப்டஸ் காடு, அதுவும் சரிவில்.

போன வாரம் பக்கத்து நிலத்துக்காரர் வேலியோரம் நின்று, "உங்கள் தீத் திட்டம் என்ன?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை.

பம்பும் குழாயும் வைத்துக்கொண்டு வீட்டைக் காக்க நிற்பது சரியா? கிளம்புவதென்றால் எதைப் பார்த்துக் கிளம்புவது? ஆடுகளை என்ன செய்வது? இன்னொன்றும் இருக்கிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மாவை, இங்கே கோடை தொடங்கும் டிசம்பரில் வரவழைத்துப் பொங்கல் முடிந்து அனுப்பலாம் என்று நினைத்திருக்கிறோம். அவருக்கு எழுபது வயதுக்கு மேல், இழுப்பும் உண்டு. காட்டுத்தீ பரவிய 2019–20 கோடையை இந்தப் பகுதியில் கடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: டென்டர்ஃபீல்டு நர்ஸ்

தம்பி, நான் உங்களுக்கு வடக்கே, டென்டர்ஃபீல்டு ஊருக்குத் தெற்கே இருக்கிறேன், முதியோர் இல்லத்தில் இரவுப் பணி. அந்தக் கோடையில் இங்கேதான் இருந்தேன். நீங்கள் தீயைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் தண்ணீரிலிருந்துதான் தொடங்க முடியும்.

வெளியில் இருப்பவர்களுக்கு அந்தக் கோடை என்றால் தீ. எங்களுக்கோ அது தண்ணீர் இல்லாத மூன்றாவது வருடம். முர்ரே–டார்லிங் ஆற்றுப் படுகையில் பதிவேடு வைக்கத் தொடங்கியதிலிருந்து 2017 முதல் 2019 வரையான மூன்று ஆண்டுகளைப் போல மழை பொய்த்த மூன்றாண்டு இல்லை. தெற்கே ஆர்மிடேல் ஊரில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 160 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு வந்தது. குயின்ஸ்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்டான்தார்ப் ஊருக்கு 2020 ஜனவரி முதல் லாரியில்தான் தண்ணீர். எங்கள் வீட்டில் குளித்த தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றினோம். அரிசி களைந்த தண்ணீர் சமையலறை ஜன்னலில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டிக்கு. எதிர்த்த நிலத்துக்காரர் பருத்திக்கொட்டையும் விலைக்கு வாங்கிய வைக்கோலும் போட்டு மாடுகளைத் தாக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு மூன்று தலைமுறையாக வளர்த்த சினை மாடுகளையும் சந்தைக்கு ஏற்றினார். லாரி போன பிறகு வெகுநேரம் வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த வேலியில் ஒரு பழுதும் இருக்கவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், தீ எரிகிற வருடம் டேங்க் வற்றிய வருடமாகவும் இருக்கும். மழை நன்றாகப் பெய்து டேங்க் வழிகிற காலத்தில் போடும் திட்டம் அன்றைக்கு உதவாது. காட்டுத்தீ அபாயப் பகுதியில், குழாய்த் தண்ணீர் இல்லாத, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனையில் புது வீடு கட்டினால், தீக்கென்றே 20,000 லிட்டர் ஒதுக்க வேண்டும் என்பது நியூ சவுத் வேல்ஸ் விதி. உங்களுடையது பழைய வீடு, யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் அந்த அளவையே வைத்துக்கொள்ளுங்கள். டேங்கைத் தட்டிப் பார்த்து மட்டம் கண்டுபிடித்து வாராவாரம் எழுதி வையுங்கள். 20,000க்குக் கீழே இறங்கிவிட்டால் தங்குவது என்ற பேச்சு அந்தக் கோடைக்கு முடிந்தது, வீட்டில் யாரும் அதை மறுபடி எடுக்கக்கூடாது.

பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறதா? அப்படியென்றால் அது பம்பே இல்லை. தீ உங்கள் வீட்டுக்கு வரும் முன்பே மின்கம்பங்களுக்கு வந்துவிடும். பெட்ரோல் அல்லது டீசல் பம்ப் வேண்டும், தரைக்கு மேல் தெரியும் குழாய்கள் உலோகமாக இருக்க வேண்டும். டேங்கில் 65 மில்லிமீட்டர் ஸ்டோர்ஸ் இணைப்பு இருக்கிறதா பாருங்கள். தீயணைப்பு வண்டி வந்தால் அதில்தான் தண்ணீர் எடுப்பார்கள்.

அடுத்தது, எதைப் பார்த்துக் கிளம்புவது. புகையைப் பார்த்து என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2019இல் எங்கள் பக்கம் செப்டம்பரிலேயே எரியத் தொடங்கிவிட்டது, இன்னும் கோடையே பிறக்கவில்லை. அதன் பிறகு மாதக்கணக்கில் புகைதான். கொடியில் காய்ந்த துணி, தலையணை, சோறு எல்லாவற்றிலும் அந்த வாடை. எப்போதும் இருக்கிற ஒன்றை எச்சரிக்கை என்று எப்படி எடுத்துக்கொள்வது? முந்தின நாள் மாலையே மறுநாளுக்கான தீ அபாய அளவு வந்துவிடும். அதில் உச்ச நிலையான 'கேடஸ்ட்ராஃபிக்' என்று போட்டால் அன்றிரவோ விடியற்காலையிலோ கிளம்பிவிட வேண்டும். அதற்கு அடுத்த 'எக்ஸ்ட்ரீம்' என்று போட்டு மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ காற்று என்றால், காடு ஒட்டிய மரவீட்டில் இருக்கும் உங்களுக்கு அதுவும் அதே கணக்கு. தீ சரிவில் மேலே ஏறும்போது வேகம் கூடும்: பத்து டிகிரி சரிவுக்கு ஏறத்தாழ இரட்டிப்பு. உங்கள் வீடு சரிவின் மேலா கீழா என்று நீங்கள் எழுதவில்லை.

கிளம்பும்போது வானம் நீலமாகத்தான் இருக்கும், பறவை கத்தும், பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருப்பார். உங்களுக்கு வெட்கமாக இருக்கும். பெரும்பாலான தடவை ஒன்றும் நடக்காமல் மாலையில் திரும்பி வருவீர்கள். வந்தால் என்ன? ஊருக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

"ஃபயர் சர்வீஸ் வரமாட்டார்களா?" என்று இந்நேரம் யாராவது கேட்கத் தயாராக இருப்பீர்கள். 2019 நவம்பர் 8 அன்று இந்த மாநிலத்தில் ஒரே நேரத்தில் 17 தீக்கள் அவசர எச்சரிக்கை நிலையில் இருந்தன. அன்றுதான் உங்கள் ஊருக்குக் கிழக்கே உள்ள வைடலிபாவில் இரண்டு பேர் இறந்தார்கள். வண்டி ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள், அவர்கள் வீடும் அதே காட்டோரம்தான்.

ஆடுகள்: கொட்டகையில் பூட்டாதீர்கள். புல் நன்றாக மேய்ந்து மண் தெரிகிற மேய்ச்சல் நிலம் ஒன்றை இப்போதிருந்தே தயார் செய்து, தண்ணீர்த் தொட்டியோடு அங்கே விடுங்கள். உள்வேலி வாசல்களைத் திறந்து வைக்கலாம், சாலைப் பக்க வாசலை மட்டும் கூடாது. இரண்டு ஆடு வைத்திருந்தாலும் நிலத்துக்கு அடையாள எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். வாங்கவில்லை என்றால் லோக்கல் லேண்ட் சர்வீசஸ் அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். தீக்குப் பிறகு தீவனம், மருத்துவர் என்று உதவி கேட்கும்போது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

அம்மாவைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், பணிக்கு நேரமாகிவிட்டது.

பதில்: ஆப்பிள் தோட்டம், ஸ்டான்தார்ப்

அக்கா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் எல்லோரும் கிளம்பிவிட்டால் வீடு எரியும் வாய்ப்பு கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகள் தீயின் முன்வரிசையில் எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் கங்கு கூரை வடிகாலில் கிடக்கும் சருகிலும், மிதியடியிலும், படிக்கட்டுக்கு அடியிலும் விழுந்து புகைந்துகொண்டே இருந்து பிறகு பற்றுகிறது. அதை ஒரு வாளித் தண்ணீரால் அணைத்தவர்களை எனக்குத் தெரியும். எங்கள் முதலாளி குடும்பம் நின்றது, வீடும் பழக்கொட்டகையும் தப்பின. அது செங்கல் வீடு, சுற்றிலும் பாசனத் தோட்டம், திடமான ஆட்கள் நான்கு பேர், கம்பளி உடுப்பு, இரண்டு பம்ப். இவ்வளவும் இருந்தால் நில்லுங்கள். போகிறவர்களும் வடிகாலைச் சுத்தம் செய்துவிட்டுப் போங்கள், அதற்கு வீரம் வேண்டியதில்லை, ஏணி போதும்.

பதில்: கிப்ஸ்லாண்ட் பெரியவர்

தம்பி, நான் யாழ்ப்பாணம், விக்டோரியாவுக்கு வந்து பல காலம். இங்கே சிஎஃப்ஏ என்ற ஊரகத் தீயணைப்புப் படையில் தொண்டனாக இருந்தேன், இப்போது முழங்கால் விடுவதில்லை, வானொலி அறையில் மட்டும் உட்காருகிறேன். ஆப்பிள் தோட்டத்துக்காரர் சொன்ன பட்டியலை இன்னொரு தடவை வாசியுங்கள். உங்களிடம் அதில் எது இருக்கிறது? 2009 பிப்ரவரி 7ஆம் திகதி விக்டோரியாவில் 173 பேர் இறந்தார்கள். பலர் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள், தங்கிக் காக்கலாம் என்று நம்பியவர்களும் அவர்களில் உண்டு. அதற்குப் பிறகுதான் முன்கூட்டியே வெளியேறுவதே பாதுகாப்பு என்று அழுத்திச் சொல்லத் தொடங்கினார்கள்.

காற்றைப் பற்றி ஒன்று. வெப்பக் காற்று வடமேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருக்கும், மாலையில் தெற்குக் காற்று திரும்பும். குளிர்ந்துவிட்டது என்று சனம் மூச்சு விடும். அந்த நேரம்தான் தீயின் நீண்ட பக்கவாட்டு முழுவதும் முன்வரிசையாக மாறும். பற்றரியில் ஓடும் ரேடியோ ஒன்று வைத்திருங்கள், அரசு வானொலியான ஏபிசியின் உள்ளூர் அலைவரிசையைக் குறித்து வையுங்கள். கைபேசிக் கோபுரமும் மின்சாரத்தில்தான் நிற்கிறது.

கேள்வி கேட்டவர்: புதுமனைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. வீடு சரிவின் மேல் விளிம்பில் இருக்கிறது. காடு கீழே. இதை எழுதும்போதுதான் அதன் பொருள் உறைக்கிறது. டேங்க் இரண்டும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல். அக்கா, அம்மா விஷயம்?

பதில்: டென்டர்ஃபீல்டு நர்ஸ்

மேல் விளிம்பா? அப்படியானால் நீங்கள் கிளம்புகிற குடும்பம். இனி யோசிக்க வேண்டியது வழியை மட்டும். ஊருக்குப் போக இரண்டு சாலை தெரிந்திருக்க வேண்டும், இரண்டையும் இரவில் ஓட்டிப் பாருங்கள்.

அம்மாவை டிசம்பரில் அழைக்காதீர்கள், ஏப்ரலில் அழையுங்கள். தீ வராவிட்டாலும் புகை வரும். 2020 ஜனவரியில் எங்கள் இல்லத்தில் நெபுலைசருக்கு வரிசை போட்டுக் கொடுத்தோம், அவர்களில் யாரும் ஒரு தீயையும் நேரில் பார்க்கவில்லை. டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றால், ஜன்னல் இடுக்குகளை அடைத்த ஒரு அறை, அவருக்கு வேண்டிய மருந்து இரட்டிப்பாக, நுண்துகளை வடிகட்டும், முகத்தில் சரியாகப் படியும் பி2 முகக்கவசம். துணி முகக்கவசம் புகைக்கு ஆகாது. அபாய அளவு ஏறும் வாரங்களில் அவரை சிட்னியில் உறவினர் வீட்டுக்கு அனுப்பலாமே என்று தோன்றும். அந்த வருடம் சிட்னியிலும் மூச்சுவிட முடியவில்லை, கடற்கரைப் பக்கம் அனுப்பலாம் என்றால் விக்டோரியாவின் மல்லகூட்டாவில் வருடக் கடைசி நாள் ஆயிரக்கணக்கானோர் கடலோரம் தஞ்சமடைந்து, பிறகு அவர்களில் பலர் கடற்படைக் கப்பலில் வெளியே வந்தார்கள். ஏப்ரல்தான் நல்லது. மரங்கள் நிறம் மாறுகிற காலம், அவருக்கும் பிடிக்கும்.

பொங்கலுக்கு முற்றத்தில் விறகடுப்பு என்று அவர் ஆசைப்பட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். முழுத் தீத்தடை நாளில் முற்றத்தில் அடுப்பு மூட்டுவது குற்றம், அபராதம் சின்னதல்ல. வெல்டிங், கிரைண்டர் வேலையும் அப்படியே. 2020இல் நாங்கள் சமையலறையில் மின் அடுப்பில்தான் வைத்தோம். பால் பொங்கி அடுப்புத் தட்டெல்லாம் கருகி அலாரம் கத்தியது, பக்கத்து வீட்டுக்காரர் வாளியோடு ஓடி வந்துவிட்டார். அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தோம்.

இன்னொன்று மறந்துவிட்டேன். அருகில் எரிந்து முடிந்த பிறகு முதல் மழை வருவதற்குள் கூரையிலிருந்து டேங்குக்கு வரும் குழாயைக் கழற்றிவிடுங்கள். 2020 பிப்ரவரியில் ஒருவழியாக மழை கொட்டியபோது ஆனந்தத்தில் அதைச் செய்யாதவர்கள், சாம்பல் கலந்த தண்ணீரைத்தான் சேமித்தார்கள். கூரை கழுவி ஓடட்டும், அடுத்த மழைக்கு மாட்டலாம்.

கேள்வி கேட்டவர்: புதுமனைக்காரன்

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை, ஏப்ரலுக்குப் பார்க்கிறேன். டேங்கில் அந்த ஸ்டோர்ஸ் இணைப்பு இல்லை, சாதாரணத் தோட்டக் குழாய் முனைதான். எங்கே மாட்டுவார்கள்?

பதில்: டென்டர்ஃபீல்டு நர்ஸ்

டேங்க் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும், மாட்டுவது பிளம்பர் வேலை. அதற்கு முன் உங்கள் ஊர்த் தீயணைப்புப் படையிடம் வண்டி எந்தப் பக்கம் வந்து நிற்கும் என்று கேளுங்கள். அந்தப் பக்கமாக மாட்டச் சொல்லுங்கள், வாசலில் ஒரு பலகையும் வையுங்கள். பக்கத்து நிலத்துக்காரரையும் கூடவே அழைத்துப் போங்கள், அவர் பெரும்பாலும் அந்தப் படையில்தான் இருப்பார்.