பெரியம்மாவைச் சூனியக்காரி என்கிறார்கள், எங்கே போவது?

பெறாமகள்:
பெரியம்மாவுக்கு 67 வயது. பெரியப்பா போனபிறகு திருகோணமலைச் சாம்பல்தீவில் தனியாக இருக்கிறார், தேசிக்காய் ஊறுகாய் போட்டு விற்பார். போன மாதம் பக்கத்து வளவுப் பிள்ளைக்கு டெங்கு. பிள்ளை சுகமாகி வந்துவிட்டான், ஆனால் அவர்கள் குறி கேட்கப் போனார்கள். "வடக்கே, பொட்டில்லாதவள்" என்று பதில் வந்ததாம். வடக்கே பெரியம்மா வீடுதான். கீறி உப்பிட்டு முற்றத்தில் காயவைத்திருந்த தேசிக்காயைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட்டு, சூனியத்துக்கு ஆதாரம் என்கிறார்கள்! இரவில் கூரைக்குக் கல் விழுகிறது. பொலிஸில் சொன்னால் சிரிப்பார்களோ?

கரைவலை:
சூனியமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், மாமாவின் தோணியில் தகடு எடுத்ததைப் பார்த்தவன். பெரியம்மா கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தால் முடிந்துவிடும்.

மூதூர் ரீச்சர்:
தம்பி, சத்தியம் மட்டும் வேண்டாம். நாளைக்கு அந்தப் பிள்ளைக்குத் தடிமன் வந்தாலும் பொய்ச்சத்தியம் என்பார்கள். இந்தியாவில் ஜார்க்கண்டில் ஒரு பெண்ணை டாயன், அதாவது சூனியக்காரி என்று பட்டம் கட்டுவதே குற்றம், 2001 இல் சட்டம் போட்டார்கள். அப்படி விரட்டப்பட்ட சுட்னி மஹதோ, தன்னைப்போன்ற பெண்களுக்காக நின்று 2021 இல் பத்மஸ்ரீ வாங்கினார். ஐ.நா. மனித உரிமைகள் பேரவையும் அதே ஆண்டு இதைப் பற்றித் தீர்மானம் எடுத்தது.
நம் இலங்கைக்கு வருவோம். அவதூறு 2002 இலிருந்து இங்கே குற்றமில்லை, ஆனால் மிரட்டுவதும் கல்லெறிவதும் குற்றம்தான். அதனால் முறைப்பாட்டைச் சூனியத்தில் தொடங்காதீர்கள். எந்த இரவு, எத்தனை மணி, எந்த ஓடு உடைந்தது, யார் என்ன சொல்லி மிரட்டினார்கள், அவ்வளவுதான். வட்ஸ்அப் படத்தையும் காட்டுங்கள். முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் வரவேண்டாம். எழுத மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அழையுங்கள், தொலைபேசி இலக்கம் 1996. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.
ஒன்று கேட்கட்டுமா, வேலிப் பிரச்சினை ஏதும் இருக்கா?

பெறாமகள்:
ஓம் ரீச்சர். கிணற்றடி எல்லை, மூன்று வருடமாக. பெரியம்மாவுக்குப் பிள்ளைகளும் இல்லை.

மூதூர் ரீச்சர்:
நினைத்தேன். எல்லையைத் தனியாக மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோங்கள், காணி உறுதியின் பிரதி இருக்கட்டும். கல்லை அதோடு சேர்க்க விடாதீர்கள், "அயல் சண்டை" என்று இரண்டையும் மூடிவிடுவார்கள்.

கரைவலை:
எல்லைச் சண்டையா? அப்போ குறி சொன்னவருக்கு வடக்கு எது என்று யார் சொல்லிக் கொடுத்தது?

பெறாமகள்:
அதைத்தான் பெரியம்மாவும் கேட்கிறார் அண்ணா. நாளைக் காலை போகிறோம். தேசிக்காய்த் தட்டை உள்ளே எடுத்துவிட்டார், வெயில் படாமல் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிட்டது.